மருந்தக்காவும் ஆறு பால் டின்களும்

என் மாடுகளை மருந்தக்கா எண்ணியதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. நான் எண்ணியதில்தான் அவருக்குச் சந்தேகம். “பதினாலு” என்பேன். “இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, வேலிக்கம்பத்தைப் பிடித்தபடி ஒவ்வொரு மாடாக விரலால் சுட்டி, வாய்க்குள்ளேயே முணுமுணுத்து எண்ணுவார். எண்ணி முடித்ததும் என்னைப் பார்த்து ஒரு தலையாட்டு. நான் சொன்னது சரி என்று அதற்குப் பொருளில்லை. இந்தத் தடவை தப்பித்தீர்கள் என்று பொருள்.

பெடாஸிலிருந்து ரெம்பாவ் போகும் வழியில், ரப்பர் மரம் நின்ற பழைய கித்தாக்காடு பன்னிரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நான் பால்மாடு வளர்த்த காலம் அது. அதற்குமுன் இருபது வருடம் சிரம்பானில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கார் மோதியது, கூரை பறந்தது என்று வருகிறவர்கள் சொல்வதை நம்பாமல் இருப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மருந்தக்கா அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்தார், என்னைவிட நன்றாகவும் செய்தார்.

மேய்ச்சல் நிலம் பற்றி நான்கு புத்தகம் படித்துவிட்டுத்தான் இறங்கினேன். மாடுகள் அவற்றில் ஒன்றையும் படித்திருக்கவில்லை. செடிகளும் அப்படித்தான். புல்லை நான் நட்டேன்; செண்டுடுக்கும் உண்ணிச்செடியும் தொட்டாற்சிணுங்கியும் தாமாகக் குடிவந்தன. இரண்டு வருடத்தில் செண்டுடுக் இடுப்புயரப் புதராகி, ஊதாப் பூவோடு நிலச்சொந்தக்காரர் மாதிரி நடுவில் நின்றது. புல், வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி ஓரமாக ஒதுங்கியிருந்தது. புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளையும் புதரையும் மட்டும் கொல்லும் மருந்து இருக்கிறது, அதை அடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இந்தப் பக்கம் இருக்கிறார் என்று ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் சொன்னார்கள். எஸ்டேட்டில் களைக்கொல்லியை மருந்து என்றுதான் சொல்வார்கள். அதை அடிக்கிறவர் மருந்தக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்டிருப்பார்.

ஐம்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டை, கால்சட்டை, முட்டிவரை ரப்பர் பூட்ஸ், மூக்கையும் வாயையும் மறைக்கும் மூடி, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. கண் இரண்டும் மட்டும்தான் வெளியே தெரியும். எதிரே நிற்கிறவன் நெளிய அந்த இரண்டு போதும்.

வந்த முதல்நாள் என் தோள்பம்பை எடுத்துக் கொடுத்தேன். புதிய பம்பு, எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“இதுல முன்னாடி என்னா அடிச்சீங்க?”

“வேலி ஓரத்துல எல்லாத்தையும் கொல்ற மருந்துக்கா. புல்லும் சாவுற மருந்து. ஆனா கழுவிட்டேன்.”

“யாரு கழுவுனது?”

“நான்தான்.”

“அப்போ கழுவல.”

மூன்று முறை அலசும் முறையைப் புத்தகத்தில் இருந்தபடியே விளக்கினேன். கடைசிவரை கேட்டார். பிறகு பம்பில் வெறும் தண்ணீரை ஊற்றி, பாய் அகலத்துக்குப் புல்மேல் அடித்து, நான்கு மூலையிலும் குச்சி நட்டுவிட்டு, “அடுத்த வாரம் வரேன்” என்று மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் அந்தப் பாய் மட்டும் மஞ்சளாக விரிந்து கிடந்தது. அவர் நான்கு குச்சிகளையும் பிடுங்கினார். என் பம்பை இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைப் போடுவதுபோல என் காருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் பம்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் கிராணி, அதாவது குமாஸ்தா. சட்டைப்பையில் பேனா வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அவருக்குக் கிராணிதான். எஸ்டேட் ஆபீஸில் அவர் பார்த்த கிராணிகளின்மேல் அவருக்கு இருந்த மரியாதையை அந்தச் சொல்லில் கேட்கலாம். அதிகமாக ஒன்றும் இராது.

அவரிடம் சின்னக் குச்சியில் கட்டிய ஒரு சிவப்புத் துணி இருந்தது. மருந்து கலப்பதற்கு முன் அதை மண்ணில் குத்திவைத்து, காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்ப்பார். அவர் பார்த்தால் போதாது, நானும் பார்க்க வேண்டும்.

“கிராணி, துணி எந்தப் பக்கம் ஆடுது?”

“மேற்குப் பக்கம்.”

“வாயில சொல்லாதீங்க. கையைத் தூக்கிக் காட்டுங்க.”

நாற்பத்தேழு வயதில் பள்ளிப்பிள்ளைபோலக் கையைத் தூக்கி நிற்பேன். துணி கொஞ்சம் பலமாக ஆடினால் அன்று வேலை கிடையாது. சிரம்பானிலிருந்து லீவு போட்டு வந்திருக்கும் என் மனைவி, “இவங்க மருந்து அடிக்க வந்தாங்களா, வானிலை வாசிக்க வந்தாங்களா?” என்று காதோடு கேட்டாள். கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்த அந்த அம்மாவுக்குக் காதும் நன்றாகவே வேலை செய்தது. திரும்பி, “ரெண்டுந்தாங்க” என்றார்.

திறந்த டின்னைத் தொடமாட்டார். மூடியில் கம்பெனி வைத்த வளையம் உடையாமல் இருக்க வேண்டும். நகத்தால் சுற்றிவரத் தடவிப் பார்த்துவிட்டு, தானே உடைப்பார். ஏனென்று ஒருநாள் கேட்டேன். பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டே சொன்னார். சோகமாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். இளவயதில் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற பெண்கள் கூட்டத்தில் வேலை. அவர்களைக் கண்காணிக்கும் மண்டோர் டின்னில் பாதியை வெளியே தள்ளிவிட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். களை சாகவில்லை. துரை கேட்டபோது, பொம்பளைங்க அடிக்காம மரத்தடியில உட்கார்ந்துட்டாங்க என்று சொல்லிவிட்டார்.

“மூணு பேரு பேரை வெட்டுனாங்க. மூணாவது என்னோட பேரு.”

“டின்னைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்குமேக்கா?”

“தொறந்துதான குடுத்தாரு. நல்ல மனுசன்னு நெனச்சோம், மூடிய அவரே தொறந்து தர்றாரேன்னு.”

நிலத்தை இரண்டு பாதியாகப் பிரித்து அடித்தார். மேல் பாதிக்கு அடிக்கும்போது மாடுகள் கீழ் பாதியில் நிற்க வேண்டும், செடி முழுக்கக் காய்ந்து மட்கும்வரை மேலே ஒரு மாடு போகக்கூடாது என்றார். மேல் பாதிக்கு அடித்த மறுவாரம் பார்க்க வந்தவரிடம், மாட்டுக்கு எது ஆகும் எது ஆகாது என்று இயற்கையாகவே தெரியும் என்று நான் சொன்னேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

“பச்சையா இருக்கறப்போ தெரியும். வாடுறப்போ தெரியாதுலா” என்றார். “உண்ணிச்செடி சாவுறப்போ இனிப்பா ஆயிரும். சும்மா நாள்ல மோந்துகூடப் பாக்காத மாடு ஓடிப்போய்த் திங்கும். தின்னுச்சுன்னா ஈரலு போயிரும், வெயில்ல தோலு வெந்து உரியும். எத்தன மாடு?”

“பதினாலு.”

“இருக்கட்டும்.”

எண்ணினார். பதிமூன்று. ஒன்று எங்காவது படுத்திருக்கும் என்றேன். அவர் பூட்ஸோடு மேட்டில் ஓட ஆரம்பித்தார். பதினாலாவது, என் செவலைப் பசு, நடுவேலியைத் தாண்டி மேல் பாதியில், வாடிய உண்ணிக் கிளையொன்றைப் பல்குச்சிபோல வாயில் வைத்துக்கொண்டு நின்றது. உறைபோட்ட கையை அதன் கடைவாயில் விட்டுக் கிளையைப் பிடுங்கினார். மாடு பிழைத்தது. ஆனால் அதற்குப் பிறகு அதுவும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது.

கிளம்பும்போது கேட்டார்: “சாணி எங்க போவுது?”

“கொட்டாய்க்குப் பின்னாடி குவிச்சு வச்சிருக்கேன்.”

“அது கண்ணுக்குத் தெரியுது. எங்க போவுதுன்னு கேட்டேன்.”

இன்னும் எங்கேயும் போகவில்லை என்றேன். அது உண்மைதான். மருந்து அடித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணியில் அந்த மருந்து அப்படியே வரும், மாதக்கணக்கில் அதிலேயே இருக்கும் என்றார். “புல்லுக்குப் போடலாம், செம்பனைக்குப் போடலாம். மொளகா, கத்திரி, பயத்தங்கா பக்கம் காட்டக்கூடாது. காட்டுனா இலை சுருட்டிக்கும்.”

தலையாட்டினேன். இருபது வருடம் அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்தவனுக்குத் தலையாட்டுவது தனியாகக் கற்க வேண்டிய கலை அல்ல. மனத்துக்குள் வேறு ஓடியது. மாட்டுக்கு நான்கு வயிறு. அந்த நான்கையும் கடந்து ஒரு மருந்து உயிரோடு வெளியே வருமா? இந்த அம்மா சாணியைக்கூடச் சந்தேகப்படுகிறாரே என்று சிரித்துக்கொண்டேன். என் நான்கு புத்தகங்களிலும் சாணி பற்றி அத்தியாயம் இருந்தது. நான் தாண்டிப்போன அத்தியாயம் அது ஒன்றுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ராஜேந்திரனின் தோட்டம். மிளகாயும் கத்தரிக்காயும் போட்டு ரெம்பாவ் பசாருக்கு அனுப்புகிறவன். மாடுகள் மேல் பாதிக்கு மாறி இரண்டு மாதம் மேய்ந்த பிறகு, புது நடவுக்கு எரு கேட்டு வந்தான். பன்னிரண்டு மூட்டை கொடுத்தேன். குவியலின் பின்பக்கம் மருந்துக்கு முந்தைய பழைய சாணி இருந்தது. அதை வெட்டி எடுக்கச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அன்று எனக்கு முதுகுவலி. முன்பக்கத்திலிருந்து அள்ளிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் மருந்தக்கா கீழ் பாதிக்கு அடித்தார். அது ராஜேந்திரனின் வேலியை ஒட்டிய நிலம். துணியைக் குத்தி, என்னைக் கை தூக்கச் சொல்லி, ஆடாத நேரம் பார்த்துத்தான் அடித்தார்.

பத்து நாள் கழித்து ராஜேந்திரன் வேலியருகே நின்று கத்தினான். “அண்ணே, இங்க வாங்க! அந்தப் பொம்பள என் மொளகாயக் கொன்னுட்டாங்கண்ணே!”

போய்ப் பார்த்தேன். கொழுந்துகள் கைவிரல் மடங்கியதுபோல உள்ளே சுருண்டிருந்தன. நுனி முறுக்கிக்கொண்டு, மிளகாய்ச் செடியா வேறு ஏதோ காட்டுச் செடியா என்று கேட்கும்படி இருந்தது. மருந்து காற்றில் பறந்து வந்துவிட்டது என்றான். படம் பிடித்தான். மாலைக்குள் அந்தப் படம் பெடாஸில் கைப்பேசி வைத்திருந்த எல்லாரிடமும் போய்விட்டது.

மறுநாள் காலை மருந்தக்கா வந்தார். முகமூடி இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. வரிசை வரிசையாக நடந்தார். வேலியை ஒட்டிய இரண்டு வரிசையில் செடி பச்சைப் பசேலென்று நின்றது. சுருட்டல் எல்லாம் அதற்கு அப்பால்.

“ராஜேந்திரா, காத்துல வந்தா வேலிப் பக்கந்தான மொதல்ல சாவணும்? இந்த ரெண்டு வரிசைக்கு என்னா போட்ட?”

“ஒன்னும் போடலக்கா. அரை மூட்டச் சாணிதான் மிஞ்சுச்சு, பத்தாதுன்னு சும்மா விட்டுட்டேன்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “கிராணி, அது எப்பத்திய சாணி?”

“பழசுக்கா. மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி குவிச்சது.”

யோசிக்காமல் வந்தது. காப்புறுதி அலுவலகத்தில் அந்த மாதிரி வாக்கியத்தை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன்: குட்டையாக இருக்கும், கேட்டதற்குமேல் ஒரு விவரம் தரும், சொல்கிறவர் கண்ணைப் பார்க்காமல் காதைப் பார்ப்பார். மருந்தக்காவின் காதில் சின்னக் கல்தோடு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். சாணியில் மருந்து என்றால் பாலில் என்ன என்று ரெம்பாவில் என் பால் வாங்குகிறவர்கள் கேட்பார்களே என்ற பயம். பால் போய்விட்டால் நான்கு புத்தகமும் பதினாலு மாடும்தான் மிச்சம்.

“அண்ணனே சொல்லிட்டாரு. காத்துதாங்க்கா” என்றான் ராஜேந்திரன். பேனா வைத்திருப்பவனை நம்பினான்.

ஒட்டுக்கடையில் பேச்சு ஓடியது. “அவங்க அடிச்சா பக்கத்துத் தோட்டமும் காலிதான்லா” என்று தேத்தண்ணி கலக்குகிறவரே சொன்னார். ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிறு செம்பனைத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் அதைச் சொல்லக்கூட இல்லை, வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். இரண்டாவது தடவையாக அவர் பெயரை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை மண்டோர் நான்.

ஒரு காலையில் ராஜேந்திரனையும் கூட்டிக்கொண்டு என் கொட்டாய்க்கு வந்தார். மோட்டார்க் கூடையில் ஆறு காலிப் பால் டின்கள், அடியில் ஓட்டை போட்டவை. மூன்றில் வெறும் மண். மூன்றில் மண்ணோடு, ராஜேந்திரனிடம் மிஞ்சிக் கிடந்த அரை மூட்டைச் சாணி. சாணி டின்களுக்குக் கழுத்தில் கம்பி சுற்றினார். எல்லாவற்றிலும் பயத்தங்காய் விதை போட்டுக் கொட்டாய்த் திட்டில் வரிசையாக வைத்தார்.

“இங்கயாக்கா?”

“என் வீட்டுல வச்சா நான் என்னத்தையோ ஊத்திட்டேன்னு சொல்வாங்க. இவன் தோட்டத்துல வச்சா காத்துன்னு சொல்வாங்க. இங்க இருக்கட்டும். நீங்களே தண்ணி ஊத்துங்க கிராணி. மூணு வாரம். கம்பி டின்னுல கொடி நல்லா வந்துச்சுன்னா, நான்தான் கொன்னேன்னு ஒத்துக்கறேன். பம்பையும் வித்துர்றேன்.”

தண்ணீர் ஊற்றினேன். நான்காம் நாள் ஆறு டின்னிலும் முளை வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்; மாட்டின் நான்கு வயிற்றையும் மெச்சிக்கொண்டேன். பத்தாம் நாள் மண் டின்களில் இலை விரிந்தது. கம்பி டின்களில் வந்த இலை, தண்ணீர் ஏந்தும் உள்ளங்கைபோலக் குழிந்து நின்றது. பன்னிரண்டாம் நாள் முறுக்கிக்கொண்டது. தினமும் அந்தத் திட்டைத் தாண்டித்தான் பால் கறக்கப் போக வேண்டும். அந்த அம்மா சும்மாவா என் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்?

பதினாறாம் நாள் பெடாஸில் பயத்தங்காய் விதைப் பாக்கெட் ஒன்று வாங்கினேன். கம்பி டின்களைக் கவிழ்த்து, நல்ல மண் நிரப்பி, புது விதை போட்டுவிடலாம் என்பது திட்டம். வாங்கிக்கொண்டு வரும் வழியில் கணக்குப் பார்த்தேன். அவர் வர ஐந்து நாள். ஐந்து நாளில் முளை வரும். மூன்று வாரக் கொடி வராது. பக்கத்து டின்னில் கொடி முழங்கை நீளம் நிற்க, இதில் இரண்டு விதையிலை எட்டிப் பார்த்தால் மாடுகூடச் சிரிக்கும். ஆறு நாள் முன்னமே இந்த யோசனை வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். நேர்மை சில பேருக்குப் பிறவியிலேயே வரும். எனக்கு நேரம் போதாததால் வந்தது.

இருபத்தோராம் நாள் இரண்டு பேரும் வந்தார்கள். மருந்தக்கா மோட்டாரை நிறுத்தும் முன்பே நான் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். குளியலறையில் மூன்று முறை சொல்லிப் பார்த்திருந்தேன், தடுமாறவில்லை.

“ராஜேந்திரா, அது பழைய சாணி இல்ல. மருந்தடிச்ச பாதியில மேஞ்ச மாட்டோட சாணி. அக்கா போன தடவையே சொல்லியிருந்தாங்க, நான்தான் கேக்கல. அன்னிக்கு நான் சொன்னது பொய்.”

ராஜேந்திரன் வாயைத் திறந்தான், மூடவில்லை. மருந்தக்காவின் முகம் இளகும், ஒரு பெருமூச்சாவது வரும் என்று பார்த்தேன். அவர் கண்ணில் அதே சந்தேகம்.

“இருங்க கிராணி. மொதல்ல பயிரைப் பாப்போம்.”

“அதான் ஒத்துக்கிட்டேனேக்கா!”

“அன்னிக்கும் இதே மொகத்தோடதான் சொன்னீங்க. உங்க வாயால நான் கெட்டவளாவும் ஆவ வேணாம், நல்லவளாவும் ஆவ வேணாம்.”

திட்டுக்குப் போனார். ஒவ்வொரு கம்பி டின்னிலும் விரலை விட்டு மண்ணைக் கிளறி, விதை பழையதுதானா என்று பார்த்தார். என் சட்டைப்பையில் பேனாவோடு அந்த விதைப் பாக்கெட் இருந்தது. தன்னால் சத்தம் போடுமோ என்று அதைக் கையால் பொத்திக்கொண்டேன். பிறகு ராஜேந்திரனைக் கூப்பிட்டு, “நான் சொல்றதையும் நம்பாத, இவரு சொல்றதையும் நம்பாத. நீயே பாரு” என்றார்.

அவன் குனிந்து மண் டின்னைப் பார்த்தான், கம்பி டின்னைப் பார்த்தான். முறுக்கிய இலை ஒன்றை விரித்துப் பார்த்தான். விட்டதும் அது மறுபடி சுருண்டது. “என் மொளகா மாதிரியேதாங்க்கா இருக்கு” என்றான். அப்புறம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

“அங்க சோளம் போடு, ஒத்துக்கும்” என்றார் அவர் அவனிடம்.

“கடையில நான் கண்டபடி பேசிட்டேனேக்கா…”

“பேசுன எடத்துல போயி மாத்திப் பேசு. இவரு டின்னைத் தூக்கிட்டு வந்து மேசையில வைக்கட்டும்.” பிறகு என்னிடம், “இப்பவே போங்க. சாயங்காலம் போறேன்னு சொல்லாதீங்க” என்றார்.

ஆறு டின்னையும் கூடையில் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். முன்னால் ராஜேந்திரன் மோட்டார், நடுவில் என் காரில் நான். பக்கக் கண்ணாடியில் மருந்தக்கா. முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. ஒரு வளைவில் டின் ஒன்று சரிந்தது, நிறுத்தினேன். இருபதடி தள்ளி அவரும் நிறுத்தி, நான் அதை நிமிர்த்தி மறுபடி கிளம்பும்வரை காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.

கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். தேத்தண்ணிக் குவளைகளை ஒதுக்கி மேசைமேல் டின்களை வைத்தேன். “இது என் மாட்டுச் சாணி” என்று ஆரம்பித்தேன். யாரோ சிரித்தார்கள், நான் நிறுத்தவில்லை. மருந்தக்கா உள்ளே வரவில்லை. வாசலில் மோட்டார்மேல் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பொய் சொன்னது நான்தான் என்ற இடம் வந்து, அதையும் சொல்லி, சொல்ல வேறு ஒன்றும் இல்லாமல் நான் வாயை மூடிய பிறகுதான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார்.